எத்தனாவது நாள் காய்ச்சல்னு முதல்ல கேளுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். தென்காசி மாவட்டத்துல ஒரு சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லேப் டெக்னீஷியனா 21 வருசமா வேலை பாக்குறேன். டிஎம்எல்டி (லேப் டிப்ளமோ) படிச்சவன், டாக்டர் இல்ல. ஐப்பசி பிறந்து மழை விழ ஆரம்பிச்சாலே பேப்பர்ல 'மர்மக் காய்ச்சல்'ங்கிற வார்த்தை வந்துருது, இந்த வாரமே உங்க பேப்பர்ல ரெண்டு நாள் பாத்துட்டேன், அதுல ஒரு நியூஸ்ல ரத்தப் பரிசோதனையில எதுவும் தெரியலைன்னு ஒரு வரி இருந்துச்சு, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போயிரும், முடிஞ்சா முழுசா போடுங்க, இடம் இல்லைன்னா நாள் கணக்கு சொல்லியிருக்கிற பகுதியை மட்டுமாவது போடுங்க ஐயா.

ரத்தத்துல எதுவும் தெரியலைன்னு சொல்றோமே, நான் பாத்த வரைக்கும் நிறைய கேஸ்ல டெஸ்ட்டும் தப்பு இல்ல, ரத்தமும் தப்பு இல்ல. எடுத்த நாள்தான் தப்பு. இதை நான் புஸ்தகத்துல படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்ல ஆசைதான், ஆனா ஒரு சின்னப் பையன் மூலமாத்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு.

2017 ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுல அந்த ஒரு வருசத்துல மட்டும் 23,000 பேருக்கு மேல டெங்குன்னு அரசு கணக்கு, 65 பேர் இறந்தாங்க. எங்க லேப்ல அப்போ காலையில கதவு திறக்குறதுக்கு முன்னாடியே படியில ஆளு உக்காந்திருக்கும். அந்தக் கூட்டத்துல பீடி சுத்துற ஒரு அக்கா, ஒம்போது வயசு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. முந்தின நாள் சாயங்காலத்துல இருந்து காய்ச்சல். டாக்டர் சீட்டுல 'டெங்கு'ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. டெங்கு பாக்க ரத்தச் சொட்டு விட்டா கோடு காட்டுற ராபிட் கார்டு ரெண்டு விதம் வச்சிருப்போம். அன்னைக்கு எங்ககிட்ட என்எஸ்1 கார்டு தீந்து போயிருந்துச்சு, ஐஜிஎம் ஐஜிஜி கார்டுதான் கையில இருந்தது, அதைப் போட்டேன், கோடு விழல, 'நெகட்டிவ்'னு அடிச்சுக் கையில குடுத்துட்டேன். எத்தனை நாளா காய்ச்சல்னு நான் கேக்கவே இல்ல. கேக்கணும்னு தோணவும் இல்ல, பின்னாடி நாப்பது பேரு நிக்கிறாங்க.

அந்த அக்கா அந்தப் பேப்பரை மடிச்சு இடுப்புல சொருகிட்டு நிம்மதியா போனாங்க. நாலாவது நாள் காய்ச்சல் விட்டுருச்சு. வீட்ல எல்லாருக்கும் சந்தோசம், டெங்கு இல்லைன்னு பேப்பர் வேற இருக்கு. அஞ்சாவது நாள் பையன் வயித்தைப் புடிச்சுக்கிட்டு சுருண்டு படுத்துட்டான், விடாம வாந்தி, கை கால் எல்லாம் ஜில்லுன்னு ஆயிருச்சு. ஆட்டோ புடிச்சு, அங்க இருந்து 108-ல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயி, ஆறு நாள் டிரிப்ஸ் ஏத்தி பிழைக்க வச்சாங்க. அங்க எடுத்த எலைசால (கார்டு இல்லாம லேப் மிசின்ல பாக்குற ரத்த டெஸ்ட்) டெங்கு ஐஜிஎம் பாசிட்டிவ். பத்து பதினஞ்சு நாள் கழிச்சு அந்த அக்கா ரெண்டு பேப்பரையும் எடுத்துட்டு எங்க லேப்புக்கு வந்தாங்க. சண்டை போடல. "தம்பி, நீங்க இல்லைன்னு எழுதுனீங்க, அவங்க இருக்குன்னு எழுதியிருக்காங்க, எது நெசம்?"னு மட்டும் கேட்டாங்க.

ரெண்டுமே நெசம்தான் ஐயா. அதை அந்த அக்காவுக்கு அன்னைக்கு என்னால சொல்லிப் புரிய வைக்க முடியல. இப்ப சொல்லப் பாக்குறேன்.

டெங்கு கிருமி உடம்புக்குள்ள வந்ததும் அது கக்குற ஒரு புரதம்தான் என்எஸ்1. காய்ச்சல் அடிச்ச முதல் நாள்ல இருந்தே ரத்தத்துல கிடைக்கும், அஞ்சு நாள் வரைக்கும் நல்லா தெரியும், அப்புறம் குறைஞ்சு மறைஞ்சுரும். ஐஜிஎம்ங்கிறது கிருமியோடது இல்ல, கிருமியைப் பாத்து நம்ம உடம்பு தயார் பண்ற எதிர்ப்பு. அது தயாராக நாலு அஞ்சு நாள் ஆகும், எல்லாருக்கும் நல்லா தெரியிற அளவுக்கு வர பத்து நாள்கூட ஆகலாம். அப்ப ரெண்டாவது நாள் வந்த பையனுக்கு ஐஜிஎம் கார்டு போட்டா என்ன வரும்? ஒண்ணும் வராது. விதை போட்ட மறுநாளே வயலுக்குப் போயி முளைப்பு இல்லைன்னு சொன்ன மாதிரிதான் நான் அந்த ரிப்போர்ட் குடுத்தது. அதே மாதிரி எட்டாவது நாள் ஆளு வந்து நிக்கும்போது என்எஸ்1 மட்டும் போட்டு நெகட்டிவ்னு அனுப்புறதும் தப்பு, அப்ப அறுவடையே முடிஞ்சிருக்கும். அரசு திட்டத்துலயே இதைத் தெளிவா வச்சிருக்காங்க, முதல் அஞ்சு நாளுக்கு என்எஸ்1 எலைசா, அதுக்கு மேல ஐஜிஎம் எலைசா. ராபிட் கார்டுல பாசிட்டிவ் வந்தா அதைச் சந்தேக கேஸாத்தான் வைப்பாங்க, உறுதின்னு எடுத்துக்க மாட்டாங்க. ஐஜிஎம் எலைசா கிட்டு புனேல இருக்கிற தேசிய வைராலஜி நிறுவனத்துல இருந்து அரசு லேப்புகளுக்கு வருது. எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா இது எதுவும் ஊருக்குள்ள இருக்கிறவங்க காதுக்கு வரல, சீட்டு எழுதுற இடத்துல நாள் எழுதுறதும் இல்ல.

இதுல இன்னொரு சிக்கல், ரெண்டாவது தடவை டெங்கு வர்றவங்க. டெங்குல நாலு வகை இருக்கு, ஒரு வகை வந்து போனாலும் இன்னொரு வகை வரலாம், ரெண்டாவது தடவைதான் பெரும்பாலும் மோசமா போகும். ஆனா அந்த ரெண்டாவது தடவைதான் டெஸ்ட்ல சரியா மாட்டாது. பழைய எதிர்ப்பு ரத்தத்துல ஏற்கனவே இருக்கிறதால அது போயி என்எஸ்1-ஐ புடிச்சுக்கிடும், கார்டுக்குக் கிடைக்காது, ஐஜிஎம்மும் லேசாத்தான் ஏறும், சில பேருக்கு கண்ணுக்கே தெரியாது, ஐஜிஜி மட்டும் சர்ருன்னு ஏறும். ஆக யாருக்கு ரொம்ப ஆபத்தோ அவங்களுக்குத்தான் நெகட்டிவ்னு வர்றதுக்கு வாய்ப்பும் ஜாஸ்தி. எனக்கு இதை ஒரு பெரிய டாக்டர் சொன்னப்போ கையெல்லாம் நடுங்கிருச்சு, எத்தனை பேரை அப்படி அனுப்பியிருப்பேன்னு.

ஐஜிஜி பத்தியும் சொல்லணும், ஏன்னா அதுக்கு இது நேர் எதிர். அது இல்லாத பயத்தைக் கிளப்புது. ஐஜிஜிங்கிறது எப்பவோ வந்து போன டெங்குவோட தடம், வருசக்கணக்கா ரத்தத்துலயே கிடக்கும். எங்க பக்கம் 2012-ல கடையநல்லூர்ல டெங்கு எப்படி அடிச்சுச்சுன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அந்த வருசம் தமிழ்நாட்டுல மொத்தம் 12,000 பேருக்கு மேல, 66 சாவு. அன்னைக்கு காய்ச்சல் வந்து கசாயமோ நிலவேம்போ குடிச்சு தானா சரியானவங்க எத்தனையோ பேரு, அவங்கள்ல பல பேருக்கு இன்னைக்கு சளி காய்ச்சலுக்கு கார்டு போட்டாலும் ஐஜிஜி கோடு விழலாம். ஐசிஎம்ஆர்ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017, 2018-ல நாடு முழுக்க 15 மாநிலத்துல ரத்தம் எடுத்து ஒரு சர்வே பண்ணாங்க, 5 வயசுல இருந்து 45 வயசு வரைக்கும். நாட்டுல 48.7 சதவீதம் பேருக்கு டெங்கு வந்து போன தடம் இருந்துச்சு, தென் மாநிலங்கள்ல 76.9 சதவீதம். அப்படின்னா நம்ம பக்கம் நாலு பேர் வந்தா மூணு பேருக்கு அந்தத் தடம் இருக்கும், கோடு விழலாம் ஐயா. அந்த ஐஜிஜி கோட்டைப் பாத்துட்டு 'டெங்கு இருக்கு'ன்னு சொல்லி பெட்ல போட்டா என்னத்தை சொல்ல. ஒரு கர்ப்பிணிப் பொண்ணு அந்த ஒரு கோட்டுக்காக தாலிக்கொடியை அடகு வச்சுட்டு நாலு நாள் ஒரு ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்துச்சு, பிளேட்லெட் ரெண்டு லட்சத்துக்குக் குறையவே இல்ல. சீட்டுல மூணு கோடு இருக்கு, எந்தக் கோடு எதுக்குன்னு ஒரு மனுசன் தமிழ்ல எடுத்துச் சொல்லியிருந்தா அந்த நகை வீட்லயே இருந்திருக்கும்.

இனி கோடு விழுந்ததா விழலையான்னே தெரியாத கேஸ். கார்டைப் பாக்கணும்னா கம்பெனி சொல்ற நேரத்துல பாக்கணும், 15 நிமிசம், 20 நிமிசம்னு கிட்டுலயே போட்டிருக்கும். கூட்டத்துல மறந்துட்டு முக்கால் மணி நேரம் கழிச்சுப் பாத்தா லேசா நிழல் மாதிரி ஒரு கோடு வந்து நிக்கும், அதைப் பாசிட்டிவ்னு எழுதிருவாங்க. கரண்டு இல்லாம, ஏசி இல்லாம, சித்திரை வெயில்ல தகர கூரைக்குக் கீழ கிட்டு கிடந்தா அதுவும் கெட்டுப்போகும், வெளிய பாத்தா புதுசு மாதிரியே இருக்கும். ரத்தம் எடுக்கும்போது குலுக்கி உடைஞ்சு செவந்து போன சாம்பிள்லயும் தெளிவா தெரியாது. காய்ச்சல் முகாம்ல காலையில பத்து மணிக்கு எடுத்த ரத்தம், ஐஸ் வச்ச டப்பாவுல மூணு ஊரு சுத்தி சாயங்காலம் லேப்புக்கு வந்து சேருது. டவுன்ல மாடியில இருந்து கீழ எடுத்துட்டு போற மாதிரி இல்ல எங்க கதை.

எலைசான்னா எல்லாம் சுத்தமா தெரிஞ்சுரும்னு நினைச்சுரக் கூடாது. அது இருக்கு இல்லைன்னு சொல்ற மிசின் இல்ல, ஒரு நம்பர் குடுக்கும், நாம ஒரு கோட்டைப் போட்டு இதுக்கு மேல பாசிட்டிவ், இதுக்குக் கீழ நெகட்டிவ்னு பிரிக்கிறோம். ஒரு பழக்கமான கிட்டுல 9-க்குக் கீழ நெகட்டிவ், 11-க்கு மேல பாசிட்டிவ். 10 வந்தா? அதுக்குப் பேரு 'ஈக்விவோக்கல்'. எங்க பாசையில ரெண்டுங்கெட்டான். அதுக்கு அர்த்தம் ஒண்ணே ஒண்ணுதான், நாலு நாள் கழிச்சு திரும்ப வாங்க, இல்ல பத்து பதினாலு நாள் கழிச்சு ரெண்டாவது ரத்தம் குடுங்க, ஏறியிருக்கா அப்படியே இருக்கான்னு பாத்துச் சொல்றோம். எந்த நாட்டு பெரிய லேப்பா இருந்தாலும் இதைத்தான் செய்வாங்க.

ஆனா யாரு வருவா? ஆயிரம் பீடி சுத்துனாத்தான் அன்னைக்குக் கூலி, நூறு நாள் வேலைக்குப் போனாத்தான் அந்த நாளு கணக்குல ஏறும். ரெண்டு பஸ் மாறி வந்து, காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம், நல்லா நடமாடிட்டு இருக்கும்போது, இன்னொரு தடவை ஊசி குத்திக்கிட்டு போங்கன்னா யாருங்க வருவாங்க. அதனால எங்க ரிஜிஸ்டர்ல முதல் ரத்தம் மட்டும் பக்கம் பக்கமா இருக்கு, ரெண்டாவது ரத்தம்னு எழுதுற கட்டம் காலியாவே இருக்கு. எங்க ஊருப் பக்கம் ஒரு காய்ச்சல் என்னன்னே கண்டுபிடிக்காம மர்மமா போறது முக்காவாசி அந்தக் காலிக் கட்டத்துலதான்.

இன்னொரு விசயத்தைச் சொல்லாம விட்டா பாவம். பாசிட்டிவ்னு ஒண்ணு வந்துட்டா மத்ததைத் தேடுறதை நிறுத்திருறாங்க. எங்க ஊரு விவசாயி ஒருத்தர், அறுபது வயசு இருக்கும், எட்டு நாள் காய்ச்சல், பிளேட்லெட் 60,000. கார்டுல ஐஜிஎம் கோடு லேசா இருந்துச்சு. டெங்குன்னு முடிவு பண்ணி ஒரு ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க, நாளுக்கு நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சுருச்சு. மாத்திக் கொண்டு போன இடத்துல ஒரு சின்ன வயசு டாக்டரம்மா சட்டையைக் கழட்டச் சொல்லி உடம்பு முழுக்கப் பாத்திருக்காங்க, அக்குள்ல பீடி சுட்ட மாதிரி ஒரு கருத்த பொருக்கு. ஸ்க்ரப் டைபஸ். அது வைரஸே இல்ல, புல்லு புதர்ல இருக்கிற சின்ன உண்ணிப் பூச்சிக் குஞ்சு கடிச்சு வர்றது, டாக்சிசைக்ளின்னு ஒரு மாத்திரை, விலை ரொம்ப கம்மி, அதுக்குக் கேக்கும். மூணாவது நாள் எந்திரிச்சு உக்காந்துட்டாரு. அப்போ அந்த லேசான ஐஜிஎம் கோடு என்ன? ஐஜிஎம் ரத்தத்துல ரெண்டு மூணு மாசம் இருக்கும் ஐயா, ஐப்பசியில தெரியாம வந்து போன டெங்குவுக்கு தை மாசம்கூட கோடு விழும். அவருக்கு அப்படித்தான் இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. டெங்குவுக்குப் பக்கத்துச் சொந்தக்காரக் கிருமிகளும் இருக்கு, விழுப்புரம், கடலூர் பக்கம் ரொம்ப காலமா இருக்கிற ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி அந்தக் குடும்பம்தான், அதோட எதிர்ப்பும் டெங்கு கார்டுல போயி ஒட்டிக்கிடும், ஆளை மாத்திக் காட்டும்.

இதுக்கு ஒரு கணக்கு சொல்றேன், நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் இதைப் புரிஞ்சுக்கிட்டேன். 100 நோயாளியில 95 பேரைச் சரியா புடிக்கிற, நோய் இல்லாத 100 பேர்ல 5 பேருக்கு மட்டும் தப்பா கோடு காட்டுற ஒரு நல்ல டெஸ்ட் இருக்குன்னு வைங்க. இது கணக்குக்காகச் சொல்ற நம்பர், எந்தக் கிட்டையும் சொல்லல. பங்குனி மாசம், டெங்கு சீசன் இல்ல, காய்ச்சல்னு 1000 பேர் வர்றாங்க, அதுல நெசமாவே டெங்கு 20 பேருக்கு. டெஸ்ட் 19 பேரைப் புடிக்கும். மிச்சம் 980 பேர்ல 49 பேருக்குத் தப்பா காட்டும். மொத்தம் 68 பாசிட்டிவ், அதுல 19 பேருக்குத்தான் டெங்கு. இப்ப கார்த்திகை மாசம், அதே 1000 பேர்ல 400 பேருக்கு டெங்கு. 380 பேரைப் புடிக்கும், மிச்சம் 600-ல 30 பேருக்குத் தப்பா காட்டும். 410 பாசிட்டிவ்ல 380 நெசம். ஆனா அதே கார்த்திகையில 20 பேருக்கு நெகட்டிவ்னு குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கும். அதே டெஸ்ட், அதே கார்டு, அதே கை. மாசம் மாறுனதும் ஒரு கோட்டுக்கு மதிப்பே மாறிருது. அதனாலதான் ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸப்ல அனுப்பி 'அண்ணே இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க'ன்னு கேக்குறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியுறதில்ல. ஆளு எந்த ஊரு, தெருவுல வேற யாருக்கும் இருக்கா, எத்தனாவது நாள், முன்னாடி வந்திருக்கா, வயக்காட்டுல வேலையா, இதெல்லாம் தெரியாம அந்தப் பேப்பரு பாதிப் பேப்பருதான்.

பிளேட்லெட்டையும் இப்படித்தான் பிடிச்சுத் தொங்குறோம். ஊதா மூடி டியூப்ல ரத்தம் சரியா கலக்கலைன்னா பிளேட்லெட் கட்டி தட்டிரும், சில பேரு ரத்தம் அந்த டியூப்ல இருக்கிற மருந்துக்கே கட்டி தட்டும், மிசினுக்கு எண்ணத் தெரியாம 40,000-ன்னு அடிச்சுக் குடுத்துரும், ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா குவியல் குவியலா கிடக்கும். அப்படி ஒரு நம்பரை நம்பி நடுராத்திரி கார் வாடகைக்குப் பிடிச்சு மதுரைக்கு ஓடுன குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த நம்பரைவிட பிசிவி (ரத்தம் எவ்வளவு கெட்டியாகுதுன்னு காட்டுற அளவு) ஏறுதா, ஒண்ணுக்கு நல்லா போகுதா, வயித்து வலி விடாம இருக்கா, வாந்தி நிக்கலையா, ஈறுல மூக்குல ரத்தம் வருதா, பிள்ளை சோர்ந்து கிடக்கான்னு பாக்குறதுதான் முக்கியம்னு எந்த நல்ல டாக்டரும் சொல்வாங்க. காய்ச்சல் விடுற அந்த ஒரு ரெண்டு நாள்தான் கண்டம். டெஸ்ட் நெகட்டிவ்வா இருந்தாலும் சரி, அந்த அறிகுறி இருந்தா பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதுவரைக்கும் பாரசிட்டமால் போதும், உடம்பு வலிக்குதுன்னு டைக்ளோபினாக் ஊசி, புரூஃபென் மாத்திரை எல்லாம் கூடாது, ரத்தக் கசிவு ஜாஸ்தியாயிரும்.

டெங்குவை மட்டும் சொல்லி நிறுத்த மனசு வரல, ஏன்னா ஒரு கோட்டால உயிரு போகாம குடும்பமே போகுற டெஸ்ட்டும் இருக்கு. எச்ஐவி. கிராமத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பிணிகளுக்கு விரல் நுனியில குத்திப் பாக்குறாங்களே, அது ஸ்கிரீனிங்தான். அதுல கோடு விழுந்தா 'ரியாக்டிவ்'. ரியாக்டிவ்னா பாசிட்டிவ் இல்ல, மேல பாக்கணும்னு அர்த்தம். நம்பிக்கை மையத்துக்கு (எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை தர்ற அரசு மையம்) அனுப்பி வேற வேற மூணு கிட்டுல பாத்து, மூணுலயும் வந்தாத்தான் பாசிட்டிவ். மொத ரெண்டுல வந்து மூணாவதுல வரலைன்னா முடிவு சொல்ல மாட்டாங்க, 14 நாள்ல இருந்து 28 நாளுக்குள்ள திரும்ப வரச் சொல்லுவாங்க. கர்ப்பம், வேற சில காய்ச்சல், இதனாலயும் முதல் கார்டுல பொய்க்கோடு விழும். 1986-ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவிலேயே முதல்ல எச்ஐவியைக் கண்டுபிடிச்சாங்க, வேலூர்ல எலைசா போட்டப்போ ஆறு சாம்பிள் நிறம் மாறுச்சு. அப்பவே அதை நம்பிக் கூப்பாடு போடல, அமெரிக்காவுக்கு அனுப்பி வேற டெஸ்ட்ல உறுதி பண்ண அப்புறம்தான் ஏத்துக்கிட்டாங்க. ஃபோன் வசதி ஒழுங்கா இல்லாத காலத்துல அவ்வளவு பொறுப்பு. இன்னைக்கு ஒரு லேப்ல ஆபரேசனுக்கு முன்னாடி போட்ட ஒத்தைக் கார்டைப் பாத்துட்டு புருசன்காரன்கிட்ட வராண்டாவுல நின்னு சொல்லி, அந்தப் பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயி, மூணு வாரம் கழிச்சு உறுதி டெஸ்ட்ல இல்லைன்னு வந்துச்சு. இல்லைன்னு வந்தும் அந்த வீட்டு வாசல் இன்னும் சரியா திறக்கல. அந்தப் பொண்ணை நான் பஸ்ல பாக்கும்போதெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிறேன், அந்தக் கார்டு நான் போட்டது இல்லைன்னாலும்.

மஞ்சக்காமாலை பி-க்கும் அதே கதிதான். ஒத்தைக் கார்டுல ரியாக்டிவ்னா வேலைக்குச் சேக்க மாட்டேங்கிறாங்க, இவங்க பயந்துபோயி நாட்டு மருந்துக்கு ஓடுறாங்க. அந்தத் தடுப்பூசி போட்ட ரெண்டு மூணு வாரத்துக்குள்ள ரத்தம் எடுத்தாகூட கோடு விழலாம்ங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு அரசாங்கத்துக்கிட்ட பெரிய மிசின் எதுவும் கேக்கத் தோணல. எலைசா பிளேட்டுல 96 குழி, ரெண்டு மூணு சாம்பிளுக்காக ஒரு பிளேட்டை ஓட்ட முடியாது, சேரட்டும்னு வைப்பாங்க, அது எனக்கும் புரியுது. நான் கேக்குறது சின்ன விசயம். டெஸ்ட்டுக்கு அனுப்புற சீட்டுல 'காய்ச்சல் ஆரம்பிச்ச தேதி'ன்னு ஒரு கட்டம் வேணும், அது காலியா இருந்தா எந்த லேப்பும், அரசோ தனியாரோ, சாம்பிளை வாங்கக் கூடாது. ரிப்போர்ட்டுல நெகட்டிவ்னு போட்டா அதுக்குக் கீழயே தமிழ்ல 'இது இத்தனாவது நாள் எடுத்த ரத்தம், இன்ன தேதிக்கு மேல திரும்பப் பாக்கணும்'னு ஒரு வரி. ரெண்டாவது ரத்தத்துக்கு ஆளு லேப்பைத் தேடி வர வேண்டாம், மக்களைத் தேடி மருத்துவம்னு சுகர் பிரஷர் மாத்திரையை வீட்டு வாசல்ல கொண்டு போயி குடுக்குறாங்களே, நல்ல திட்டம், எங்க அம்மாவுக்கே வருது, அந்த அக்காக்களோ நர்ஸம்மாவோ ஒரு லிஸ்ட்டைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டாவது ரத்தத்தையும் வீட்லயே எடுத்துட்டு வரட்டும். அந்தக் காலிக் கட்டம் நிறையும்.

எங்க லேப்ல 2017-க்கு அப்புறம் நானே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு வச்சிருக்கேன், நாள் எழுதுற இடம் விட்டு. அதை அடிக்காம ஒரு டெங்கு ரிப்போர்ட்டும் என் கையை விட்டுப் போறதில்ல. சில பேரு 'எதுக்கு இதெல்லாம், இருக்கா இல்லையா அதைச் சொல்லுங்க'ன்னு கோவப்படுவாங்க. ரெண்டு நிமிசம் நிக்க வச்சுச் சொன்னா கேட்டுக்கிறாங்க ஐயா. படிக்காதவங்களுக்குப் புரியாதுன்னு நாமளா நினைச்சுக்கிறோம். விதைப்பு அறுவடை கணக்கைச் சொன்னா எங்க ஊருப் பாட்டிமார்தான் டக்குன்னு புடிச்சுக்கிறாங்க.

இனி உங்ககிட்ட. 'மர்மக் காய்ச்சல்'னு போடாதீங்க, காரணம் இன்னும் உறுதியாகலைன்னு போடுங்க, எத்தனாவது நாள் ரத்தம் எடுத்தாங்க, எந்த டெஸ்ட், ரெண்டாவது ரத்தம் எடுத்தாங்களான்னு உங்க நிருபர் ஆஸ்பத்திரியில கேட்டு எழுதட்டும். மர்மம்னு படிச்ச உடனே ஊருக்குள்ள கோயில்ல குறி கேக்கப் போயிருறாங்க, அதுக்குள்ள மூணு நாள் ஓடிருது. அப்புறம் ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் கடைசிப் பக்கத்துல தீப்பெட்டி அளவு ஒரு கட்டம் தினமும் ஒதுக்குங்க: காய்ச்சல் ஆரம்பிச்ச தேதியை காலண்டர்ல குறிச்சு வைங்க, டாக்டர்கிட்டயும் லேப்லயும் அதைச் சொல்லுங்க, காய்ச்சல் விட்ட பிறகு ரெண்டு நாள் பிள்ளையைக் கண் அசராம பாருங்க, சந்தேகம்னா அரசு மருத்துவ ஆலோசனை எண் 104-க்கு ஃபோன் பண்ணுங்க. அவ்வளவுதான் எழுதணும். வார்த்தையை நானே சரி பண்ணி அனுப்புறேன், எங்க பக்கத்து அரசு டாக்டர் ஒருத்தர் பாத்துத் திருத்தித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. பீடிக் கம்பெனியில இலை நிறுக்கிற இடத்துல உங்க பேப்பர்தான் ஐயா கிடக்கும், அந்த அக்கா அதைப் பாப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
தென்காசி மாவட்டம்.